துருக்கி குவெச்சுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பின் சமையல் பக்கத்தில் வந்த துருக்கி குவெச் (மண்சட்டியில் மெதுவாக வேகவைக்கும் பண்டம்) செய்முறை பற்றி இதை எழுதுகிறேன். விடுமுறைக்கு இஸ்தான்புல், கப்படோக்கியா, அந்தால்யா என்று போய்வருகிறவர்கள் அங்கே மண்சட்டியோடு கொதிக்கக் கொதிக்க மேசைக்கு வந்த பண்டத்தை வீட்டிலும் செய்து பார்க்க ஆசைப்படுகிறார்கள். அவர்களுக்கு வழிகாட்ட நினைத்தது நல்ல எண்ணம்தான். ஆனால் அதில் சொன்னபடி இஞ்சி பூண்டு விழுது வதக்கி, கரம் மசாலா தூவி, இரண்டு டம்ளர் தண்ணீர் ஊற்றி, குக்கரில் ஐந்து விசில் விட்டால் கிடைப்பது காய்கறி போட்ட மட்டன் குழம்பு. சாப்பிட நன்றாகவே இருக்கும், ஆனால் குவெச் ஆகாது.

குவெச்சின் சுவை முழுவதும் காய்கள் தாமே விடும் நீரில் இருக்கிறது. தக்காளியில் நூற்றுக்கு 94 பங்கு தண்ணீர். வெள்ளரி போன்ற சுக்கினிக் காயிலும் ஏறக்குறைய அவ்வளவு, கத்தரிக்காயில் சற்றுக் குறைவு. 400 கிராம் தக்காளி போட்டால் அதிலிருந்தே ஒன்றரை டம்ளருக்கு மேல் நீர் வரும். அந்த நீர் மெதுவாக இறங்கி, கறியின் கொழுப்போடு கலந்து, மூடியைத் திறந்த கடைசி இருபது நிமிடத்தில் சுண்டி, காய்களின் மேல் பளபளவென்று படிய வேண்டும். மேலே இரண்டு டம்ளர் ஊற்றிவிட்டால் அது சுண்டுவதற்குள் காய்கள் குழைந்துவிடும். குக்கரில் விசிலின்போது தவிர நீராவி வெளியேறாததால் சுண்டும் வேலை சரியாக நடக்காது. கத்தரியும் சுக்கினியும் முதல் விசிலுக்கே கரைந்துவிடும்.

இறைச்சியும் கலந்த காய்களும் சேர்ந்த துர்லு குவெச்தான் வீட்டுக்கு ஏற்றது. நான்கு பேருக்கான அளவு இது. கறி 500 கிராம், வெங்காயம் 200, உருளைக்கிழங்கு 200, பீன்ஸ் 150, கத்தரிக்காய் 250, சுக்கினி 150, நீளமான காரமில்லாத பச்சை மிளகாய் அல்லது குடமிளகாய் 100, தக்காளி 400 கிராம். பூண்டு ஆறு பல். தக்காளி பேஸ்ட் ஒரு மேசைக்கரண்டி, சிவப்பு மிளகாய் விழுது ஒரு மேசைக்கரண்டி, ஆலிவ் எண்ணெய் மூன்று மேசைக்கரண்டி, வெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி. உப்பு இரண்டு தேக்கரண்டி, மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி, உலர்ந்த ஆரிகானோ அரைத் தேக்கரண்டி, ஒரு பிரியாணி இலை. இஞ்சி, மல்லித்தழை, தேங்காய், பட்டை, கிராம்பு எதற்கும் இதில் இடமில்லை. நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ வேண்டாம், அவற்றின் வாசம் எல்லாவற்றையும் மூடிவிடும். ஆலிவ் எண்ணெய் கட்டுப்படியாகவில்லை என்றால் சூரியகாந்தி எண்ணெய் போதும். துருக்கி வீடுகளிலும் அது தாராளமாகப் புழங்குகிறது.

கறி விஷயத்தில்தான் நம் ஊரில் பெரும்பாலோர் தோற்கிறார்கள். துருக்கியில் இதற்குப் போடுவது இளம் செம்மறிக் குட்டியின் தோள்பட்டைக் கறி. கொழுப்பு இழையோடியிருக்கும், சீக்கிரம் வேகும். நம் கறிக்கடையில் பெரும்பாலும் கிடைப்பது வெள்ளாடு. அதில் கொழுப்பு குறைவு, நார் உறுதி. இரண்டையும் ஒரே நேரக் கணக்கில் வைத்தால் காய்கள் வெந்து குழைந்த பிறகும் கறி ரப்பராக நிற்கும். கறியில் உள்ள இணைப்புத்திசு இளகிப் பசையாக மாறுவதற்கு நீண்ட நேரச் சூடு வேண்டும், தீயைக் கூட்டி அந்த நேரத்தைக் குறைக்க முடியாது. ஆகவே வெள்ளாட்டுக் கறியை முதலில் தனியாக முக்கால் பதம் வேக வைத்துவிட வேண்டும்.

எலும்பில்லாமல், கொழுப்பைக் கழித்துவிடாமல், மூன்று நான்கு சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டித் தரச் சொல்லுங்கள். கழுவிய கறியைத் துணியால் ஒற்றி எடுங்கள். அகலமான வாணலியில் எண்ணெயும் வெண்ணெயும் காய்ந்ததும் கறியைப் போட்டு முதல் நான்கு நிமிடம் கிளறாமல் விடுங்கள். கறி நீர் விடும், அந்த நீர் முழுக்கச் சுண்டி மறுபடி எண்ணெய் பிரிந்து கறி பொரியும் சத்தம் கேட்கும். அதுதான் பதம். சத்தம் மாறுவதற்கு முன் வெங்காயத்தைப் போட்டால் கறி பொரியாமல் அவிந்துவிடும். இப்போது வெங்காயத்தைப் பெரிய துண்டுகளாகப் போட்டு வதக்கி, முழுப் பூண்டுப் பல், பிறகு தக்காளி பேஸ்டையும் மிளகாய் விழுதையும் சேர்த்துச் சிறு தீயில் ஒன்றரை நிமிடம் மட்டும் புரட்டுங்கள். விழுதின் பச்சை வாசம் போய் எண்ணெய் சிவக்க வேண்டும். கருகவிட்டால் கடைசிவரை கசக்கும், பிறகு சர்க்கரை போட்டும் சரிசெய்ய முடியாது. செம்மறிக் குட்டியின் கறியென்றால் இந்த இடத்தில் அடுப்பை அணைத்துவிடலாம். வெள்ளாடு என்றால் 150 மில்லி வெந்நீர் ஊற்றி மூடி, மிகச் சிறு தீயில் 45 முதல் 50 நிமிடம் வையுங்கள். இந்தச் செய்முறையில் தண்ணீருக்கு இடம் இது ஒன்றுதான். அதுவும் கறி முக்கால் பதம் வரும்போது ஏறக்குறைய வற்றியிருக்க வேண்டும்.

மிளகாய் விழுது இல்லாமல் இந்த நிறமும் இனிப்பான காரமும் வராது. துருக்கியில் கோடை முடியும் காலத்தில் சிவப்பு மிளகாயை அரைத்து மொட்டை மாடியில் பரப்பி வெயிலில் வற்றவைப்பார்கள். வடகம் போடத் தெரிந்த வீட்டுக்கு இது கைவந்த வேலைதான். ஒரு கிலோ சிவப்புக் குடமிளகாயை விதை நீக்கி, காரத்துக்கு விதை நீக்கிய காஷ்மீரி வற்றல் எட்டை வெந்நீரில் ஊறவைத்துச் சேர்த்து, தண்ணீர் விடாமல் அரையுங்கள். 20 கிராம் உப்பு கலந்து அடிகனமான பாத்திரத்தில் பாதியாகச் சுண்டும்வரை காய்ச்சுங்கள். பிறகு எவர்சில்வர் தட்டில் அரை விரற்கடை உயரத்துக்குப் பரப்பி, மெல்லிய துணி கட்டி, இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் வைத்து, தினமும் கிளறிவிட்டு, இரவில் உள்ளே எடுத்துவிடுங்கள். கரண்டியைக் கவிழ்த்தால் விழாத பதத்தில் 200 முதல் 250 கிராம் கிடைக்கும். கண்ணாடிப் புட்டியில் அழுத்தி நிரப்பி, மேலே ஒரு விரற்கடை எண்ணெய் நிற்கும்படி ஊற்றிக் குளிர்பெட்டியில் வையுங்கள். ஈரக் கரண்டி பட்டால் பூஞ்சை பிடிக்கும், அப்போது மேலே வழித்துவிட்டுப் பயன்படுத்தாமல் புட்டியையே கொட்டிவிட வேண்டும். தக்காளி பேஸ்டுக்குப் பதில் பலரும் தக்காளி சாஸ் ஊற்றுகிறார்கள். அதில் வினிகரும் சர்க்கரையும் இருக்கின்றன. வேண்டவே வேண்டாம்.

இனி காய்கள். கத்தரிக்காயைப் பட்டை பட்டையாக, ஒரு கீற்று தோல் விட்டு ஒரு கீற்று சீவி, நான்கு சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, உப்புத் தண்ணீரில் அரை மணி நேரம் போட்டுப் பிழிந்தெடுங்கள். தோலை முழுக்கச் சீவினால் துண்டு உருவம் இழக்கும், சீவாவிட்டால் தோல் நாராக வாயில் சிக்கும். உப்புத் தண்ணீர் கத்தரிச் சதையின் காற்று அறைகளை அமுக்கிவிடுவதால் அது எண்ணெயைக் குடிப்பது குறையும். விதை முற்றிய சின்னக் கத்தரி கசக்கும். சுட்டுப் பிசைவதற்கு வாங்கும் பெரிய கத்தரியே நல்லது. சுக்கினி கிடைக்காத ஊரில் பிஞ்சுச் சுரைக்காய் சரியாக வரும். பீர்க்கங்காய் கரைந்துவிடும். வெண்டைக்காய் சேர்க்க விரும்பினால் காம்பைக் கூம்பாகச் சீவுங்கள், காயின் உள்ளறை திறக்கக் கூடாது. திறந்தால் வழவழப்பு சட்டி முழுக்கப் பரவும். எலுமிச்சைச் சாறு கலந்த நீரில் இருபது நிமிடம் வைத்துத் துடைத்து, முழுதாகவே மேலடுக்கில் வையுங்கள்.

உருளையும் பீன்ஸும் வேகவில்லை என்ற புகார் அடிக்கடி வருகிறது. காரணம் தக்காளியின் புளிப்பு. புளிப்பில் காய்கறியின் செல்சுவர் எளிதில் இளகாது. புளி ஊற்றிய பிறகு காய் வேகாது என்று நம் வீடுகளில் சொல்வதும் இதைத்தான். ஆகவே பீன்ஸை ஐந்து சென்டிமீட்டர் நீளத்தில் நறுக்கி, கொதிக்கும் உப்பு நீரில் நான்கு நிமிடம் போட்டு வடித்துவிடுங்கள். உருளையை மூன்று சென்டிமீட்டருக்கு மேல் வெட்டாதீர்கள். நாட்டுத் தக்காளி இந்தப் பண்டத்துக்குப் புளிப்பு அதிகம். சதைப்பற்றான பெங்களூர்த் தக்காளியை நன்றாகப் பழுக்கவிட்டு எடுங்கள். அப்படியும் புளித்தால் அரைத் தேக்கரண்டி சர்க்கரை.

அடுக்கும் வரிசை முக்கியம். அடியில் கறியும் வெங்காயமும் அவற்றின் மசியலும், அதன்மேல் உருளை, பிறகு பீன்ஸ், கத்தரி, மிளகாய், சுக்கினி. எல்லாவற்றுக்கும் மேலே தக்காளியை வட்ட வட்டமாக நறுக்கி ஓடு வேய்ந்ததுபோல் மூடிவிடுங்கள். வேகாதது சூட்டுக்கு அருகில், நீர் விடுவது உச்சியில் என்பதுதான் கணக்கு. உப்பு, மிளகு, கையில் கசக்கிய ஆரிகானோ மூன்றையும் அடுக்குக்கு அடுக்கு தூவுங்கள். ஓமத்தில் அதே வாசம் இருக்கிறதே என்று அதைப் போட வேண்டாம், காரல் தூக்கும். அடுக்கிய பிறகு கரண்டி போட்டுக் கிளறக் கூடாது. சட்டியில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நிரப்பவும் கூடாது, பொங்கி வழிந்து அவன் (oven) முழுக்கத் தீயும்.

சட்டியைப் பற்றி அந்தக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. மெருகு பூசாத மண்சட்டி சூட்டை மெதுவாக வாங்கி எல்லாப் பக்கமும் சீராகக் கொடுக்கும், இறக்கிய பிறகும் சிறிது நேரம் கொதிக்கும். அதை அங்கிருந்து தூக்கி வர வேண்டியதில்லை, நம் ஊர் மண்பாண்டமே போதும். ஆனால் அடி தட்டையாக இருக்க வேண்டும், உருண்டை அடிச் சட்டி அவன் கம்பியில் நிற்காது. மேலே சொன்ன அளவுக்கு வாய் 24 சென்டிமீட்டர், கொள்ளளவு மூன்றரை லிட்டர். மீன் குழம்பு வைத்துப் பழகிய சட்டி வேண்டாம். மண்ணின் நுண்துளைகளில் ஏறிய புளியும் மீனும் சூட்டில் மறுபடி வெளியே வரும். துருக்கியின் அவனோஸ் போன்ற மண்பாண்ட ஊர்களிலும் கடைத்தெருக்களிலும் வாங்கிவந்த வண்ணச் சித்திரப் பாண்டங்களில் சமைக்கவே கூடாது. அழகுக்கான மெருகில் ஈயம் இருக்கக்கூடும், தக்காளிப் புளிப்பு அதை உணவில் இறக்கிவிடும்.

புதுச்சட்டியை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் மூழ்கவிட்டு, அரிசி கழுவிய நீரை நிரப்பிச் சிறு தீயில் அரை மணி நேரம் கொதிக்கவைத்து, நிழலில் உலர்த்தி, உள்ளும் புறமும் எண்ணெய் தடவி, சூடேறாத அவனில் வைத்து 150 டிகிரியில் ஒரு மணி நேரம் விட்டு, அவனுக்குள்ளேயே ஆறவிடுங்கள். சமைக்கும் நாளிலும் சூடான அவனில் குளிர்ந்த சட்டியை வைக்கக் கூடாது. சட்டியை வைத்த பிறகே அவனைப் போட வேண்டும். சூட்டோடு எடுத்துக் கிரானைட் மேடையில் வைத்தால் விரிசல் விடும். மரப்பலகையோ மடித்த துணியோ போட்டு அதன்மேல் இறக்குங்கள்.

மூடிபோட்டு 150 டிகிரியில் இருபது நிமிடம், பிறகு 180 டிகிரியில் ஒரு மணி நேரம். செம்மறியை முன்பே வேகவைக்காததால் அதற்கு இன்னொரு அரை மணி கூடுதலாகலாம். முதல் 35, 40 நிமிடம் சட்டிக்குள் எந்த அசைவும் தெரியாது. இங்கேதான் பொறுமை இழந்து 230 டிகிரிக்குத் திருப்புகிறார்கள். விளைவு, ஓரம் கருகும், நடு வேகாது. ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழி வர ஆரம்பித்த பிறகு சட்டி தானே வேலையைப் பார்த்துக்கொள்ளும். மூடியை எடுத்து 200 டிகிரியில் இருபது நிமிடம் வைத்தால் தக்காளியின் விளிம்பு கருஞ்சிவப்பாகி, நீர் சுண்டி, எண்ணெய் ஓரத்தில் தெளிந்து நிற்கும். சின்ன அவன்களில் குமிழ் காட்டும் டிகிரியும் உள்ளே இருக்கும் சூடும் ஒன்றாக இருப்பதில்லை. உள்ளே தொங்கவிடும் வெப்பமானி ஒன்று வாங்கிவைப்பது பயன்தரும்.

இவ்வளவுக்குப் பிறகும் நீர்க்க இருந்தால் இன்னும் அரை மணி வேகவிடாதீர்கள், காய் போய்விடும். சட்டியை ஒரு பக்கம் சாய்த்து, சாற்றை மட்டும் கரண்டியால் மொண்டு சின்ன வாணலியில் ஊற்றி, பெரிய தீயில் பாதியாகச் சுண்டவைத்து, மேலே பரவலாக ஊற்றுங்கள். ஐந்து நிமிட வேலை.

அவன் இல்லாத வீட்டில் கனமான தோசைக்கல்லைக் காயவைத்து அதன்மேல் சட்டியை வைக்கலாம். மூடியின் விளிம்பைக் கோதுமை மாவுப் பிசைவால் ஒட்டி, சிம்மில் ஒன்றேகால் மணி நேரம் வைத்தால் உள்ளே பதமாக வெந்துவிடும். மேற்புறம் சிவக்காது. அதற்கு மாவைப் பெயர்த்துவிட்டு இரும்புத் தட்டால் மூடி, மேலே கங்கு போட வேண்டும். துருக்கியின் தென்கிழக்கு ஊர்களில் வீட்டில் அடுக்கிய தட்டையும் சட்டியையும் தெருமுனை ரொட்டிக்கடை விறகு அடுப்புக்கு அனுப்பி வேகவைத்து வாங்கும் வழக்கம் இன்னும் உண்டு.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு அங்கேயே வழி இருக்கிறது. கறிக்குப் பதில் ஊறவைத்து வேகவைத்த கொண்டைக்கடலை ஒரு கப், ஆலிவ் எண்ணெய் 80 மில்லி, வெண்ணெய் கிடையாது. மொத்தம் 50 நிமிடத்தில் வெந்துவிடும். ஆறவிட்டு, இளஞ்சூட்டிலோ ஆறியபிறகோ சாப்பிட வேண்டும். சுடச்சுட சாப்பிட்டால் எண்ணெய் தனியாகத் தெரியும்.

கடற்கரை ஊர்களுக்குப் போனவர்கள் கேட்பது கரிதெஸ் குவெச், அதாவது இறால். இதற்கு நேர் எதிரான நேரக்கணக்கு. தோலுரித்த இறால் 400 கிராம், காளான் 150, தக்காளி 250, பச்சை மிளகாய் இரண்டு, பூண்டு நான்கு பல், வெண்ணெய் 30 கிராம். காளானைப் பெரிய தீயில் நீர் வற்ற வதக்கி, பூண்டும் மிளகாயும் தக்காளியும் சேர்த்துக் கெட்டியாகும்வரை அடுப்பிலேயே சுண்டவையுங்கள். இறாலை முன்பே வேகவைக்காமல், துணியால் ஈரம் துடைத்துப் பச்சையாகவே கொதிக்கும் மசியலில் கலந்து, உடனே வெந்நீரில் வைத்துச் சூடாக்கிய சின்னச் சட்டிகளில் நிரப்பி, மேலே 80 கிராம் சீஸ் துருவிப் போட்டு, 220 டிகிரியில் எட்டிலிருந்து பத்து நிமிடம். இறால் அரைவட்டமாக வளைந்தால் பதம், முழு வளையமாகச் சுருண்டால் கெட்டி. சட்டியின் சூடு மேசையிலும் வேகவைக்கும் என்பதால் இரண்டு நிமிடம் முன்பே எடுத்துவிடுங்கள். அங்கே போடும் கஷார் சீஸ் இல்லாவிட்டால் மொசரெல்லா மூன்று பங்கு, செடார் ஒரு பங்கு. பனீர் இங்கே உதவாது. புளிப்பு சேர்த்துத் திரித்த பால் சூட்டில் உருகாது, காய்ந்து நிற்கும். இந்த சீஸ் வேலையெல்லாம் இறாலுக்கும் காளானுக்கும்தான், மேலே சொன்ன துர்லுவுக்கு அது தேவையில்லை.

தொட்டுக்கொள்ள ரொட்டி, அல்லது வெண்ணெயில் சிவக்க வறுத்த சேமியா சேர்த்து வடித்த சோறு, கூடவே வெள்ளரியும் பூண்டும் உலர்ந்த புதினாவும் போட்ட தயிர். மிஞ்சியதைச் சட்டியிலேயே இரவு முழுக்க வைக்காதீர்கள். மண் சாற்றை உறிஞ்சி, சட்டியும் கெடும், பண்டமும் கெடும்.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். வெளிநாட்டுச் செய்முறைகளை வெளியிடும்போது 'தேவையான அளவு', 'ஒரு கைப்பிடி' என்று விடாமல் கிராம் கணக்கும், பாத்திரத்தின் கொள்ளளவும், அடுப்பின் சூடும் போட வேண்டும். நம் வீட்டுச் சமையலில் கைப்பழக்கம் துணை நிற்கும், முன்பின் செய்திராத பண்டத்தில் வாசகருக்கு அச்சில் உள்ள எண்தான் துணை. ஆட்டுக்கறி விற்கிற விலையில் அரைக் கிலோவை வாங்கிவந்து நம்பிச் செய்கிறவர்களுக்காக, அந்த இரண்டு டம்ளர் தண்ணீருக்கும் ஐந்து விசிலுக்கும் வரும் ஞாயிறன்றே திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சமையல் பயிற்றுநர் ஒருவர்,
கோயம்புத்தூர்